சீலைப் பூக்கள் கரைக்குப் போன சித்திரை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் நாச்சாத்தாக்கா. என் சின்ன மகனுக்குக் கலியாணம் முடிந்த அந்தப் பங்குனியில், அம்மன் கோயிலில் தீ மிதிக்கக் குண்டம் இறங்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, தூக்கம் வராமலிருக்க ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருந்தோம், அப்போது சொன்னார். அவர் இது நடந்த வேலந்துறைக்கே வாழ்க்கைப்பட்டுப் போனவர், அவருடைய சீலைகளும் அந்தக் கரையில் கிடந்தவைதான். சாமி வாசலில் உட்கார்ந்து பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

வேலந்துறை பவானி ஆற்றின் தென்கரையில் இருக்கிற ஊர். மலையை விட்டு இறங்கி வருகிற ஆறு அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வதுபோல அகலமாகப் படுத்துக் கிடக்கும். சித்திரை பிறந்து ஒரே ஒரு கோடை மழை பெய்துவிட்டால் போதும், இரண்டு கரையிலும் தும்பை வெள்ளையாக, நெருஞ்சி மஞ்சளாக, கொழிஞ்சி ஊதாவாக, ஆவாரை பொன்னாக, யாரும் விதைக்காத யாரும் தண்ணீர் விடாத பூக்கள் தரை தெரியாமல் பூத்துவிடும். அந்தப் பூவைத் தேடி மலையிலிருந்து பட்டாம்பூச்சிகள் ஆற்றைப் பிடித்துக்கொண்டே கிழக்கே இறங்கும், நீலத்தில் கறுப்புக் கோடு போட்டவை, காலையில் பார்த்தாலும் இறங்கும் சாயங்காலம் பார்த்தாலும் இறங்கும், அவற்றுக்குக் கூட்டாகக் கொசுத்தேனீயும் கருவண்டும் பொன்வண்டும் வந்து சேரும், தண்ணீர்மேல் தட்டான்கள் நிற்கும், ஊரே ஒரு பெரிய வீணைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல நாளெல்லாம் ரீங்காரமாக இருக்கும்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. கரை வெடித்துக் கிடந்தது. தும்பை முளைத்த சுவடுகூட இல்லை. ஆனால் மலைப்பூச்சிகளுக்கு அது எப்படித் தெரியும்? வழக்கம்போல வந்துவிட்டன. விருந்துக்கு வந்தவர்கள் அடுப்பு மூட்டாத வீட்டு வாசலில் நிற்பதுபோல, வெறும் முள்ளின் மேலும் சருகின் மேலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தன.

அதே வாரத்தில்தான் மாரியம்மன் நோம்பி சாட்டினார்கள், அதாவது திருவிழாவுக்கு நாள் குறித்து ஊருக்குச் சொன்னார்கள். நோம்பி சாட்டினால் வேலந்துறையில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் எல்லா வீட்டுப் பெண்களும், பெட்டியில் இருப்பது பீரோவில் இருப்பது கொடியில் இருப்பது என்று வீட்டிலுள்ள சீலை அத்தனையையும் ஆற்றுக்குக் கொண்டுபோய், நூல்சீலையை அலசி, பட்டுக்குத் தண்ணீர் மட்டும் தெளித்து, கரையிலுள்ள புதர்களின் மேல் விரித்துவிட்டு, ஒரு ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஆத்தா ராத்திரியில் வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள், அவள் தொட்ட சீலையைத்தான் நோம்பிக்கு உடுத்த வேண்டும் என்பது நம்பிக்கை. இதுவரை ஒரு முந்தானைகூடக் காணாமல் போனதில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில், விரித்த சீலைகளின் மேல் பட்டாம்பூச்சிகள் வந்து அப்பிக்கொண்டன. ரோஜா அச்சுப் போட்ட சீலையில் ரோஜாவைத் தேடி உட்கார்ந்தன, மாங்காய் போட்டதில் மாங்காயைத் தேடி உட்கார்ந்தன.

"பாவம், நெசப் பூன்னு நெனச்சு ஏமாந்து போகுதுக" என்றாள் சென்னியம்மாள்.

"ஏமாந்தா ஏமாறட்டும் போங்கக்கா. நம்ம வீட்டு ஆம்பளைங்க தள்ளுபடிச் சீலையப் பட்டுன்னு நம்பி வாங்கிட்டு வரலீங்களா" என்றாள் பின்னால் வந்தவள். எல்லாரும் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

விடிந்து போய்ப் பார்த்தால் சீலைகள் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. பூவெல்லாம் கரையில் நின்றன.

சீலையில் எப்படி இருந்தனவோ அப்படியேதான் நின்றன. மாங்காய் வடிவத்துப் பூக்கள் ஒரு முழ உயரத்தில் வளைந்து நின்றன. கட்டம் போட்ட பூக்கள் இருந்தன. உலகத்தில் எங்கும் இல்லாத நீல ரோஜாக்கள் வரிசை பிசகாமல் நின்றன. பச்சைச் சீலையின் பச்சை இலையாகியிருந்தது. அரக்குச் சீலையின் அரக்கு தண்டாகியிருந்தது. பட்டுச் சீலையின் சரிகை மகரந்தமாகியிருந்தது, தேனீக்கள் காலெல்லாம் பொன்னாகப் பறந்தன. பூச்சிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு பசியாறிக்கொண்டிருந்தன. பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "சரி, தின்னுட்டுப் போகட்டும். நம்ம வீட்டுக்குப் பசியோட வந்ததுக" என்றாள். வெள்ளைச் சீலைகளை உதறி மடித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். உடம்பில் கட்டியிருந்த ஒன்றாவது மிஞ்சும் என்று பார்த்தார்கள், அதையும் பூச்சிகள் வந்து கேட்டன, மத்தியானத்துக்குள் அதுவும் போய்விட்டது.

பிறகு ஊர் அதற்குத் தக்கபடி பழகிக்கொண்டது. வேலிக்கு அந்தப் பக்கம் போகிறவள் யார் என்று சீலையை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நடையை வைத்துச் சொல்லப் பழகினார்கள். கொடியில் எது யாருடையது என்று சண்டை வந்து, பிறகு எதுவானால் என்ன என்று சண்டை ஓய்ந்தது. யாரோ ஒருத்தி வெளியூரிலிருந்து கனகாம்பர நிறத்தில் சீலை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் பாலத்தில் ஏறும்போதே பையிலிருந்து பூக்கள் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டன. கண்டக்டர் அதற்குப் பிறகு பாலம் வந்தால், "வேலந்துறை வருது, நிறத்தையெல்லாம் ஒருக்கா பாத்துக்குங்க" என்று குரல் கொடுப்பார். ஒருநாள் சென்னியம்மாளின் வெள்ளாடு கரைக்குப் போய் ஒரு வாய் மேய்ந்துவிட்டது. வீட்டில் மடித்து வைத்திருந்த அவள் சீலையில் ஒரு வாய் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அன்றிலிருந்து ஆடுகளைக் கட்டிப் போட்டார்கள், குழந்தைகளிடம் பூவைப் பறிக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார்கள்.

மயிலாத்தாள் இதையெல்லாம் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சென்னியம்மாளின் கொழுந்தன் மனைவி. புருஷன் பம்புசெட்டில் கரண்டு அடித்துப் போய்ச் சேர்ந்தபோது மகள் மோகனாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. அன்று கட்டிய வெள்ளைச் சீலைதான், அந்த ஊர் முறை அது. அவளுடைய சீலைகளும் அன்று கரையில்தான் கிடந்தன. ஒரு பூச்சி அவற்றின் மேல் உட்காரவில்லை. மற்றவர்கள் சீலையெல்லாம் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு வெள்ளையானது. தன்னுடையதில் கொடுக்கவும் ஒன்றுமில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வாயில்லாத ஜீவன்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு தட்டில் வெல்லத் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். எறும்புதான் வந்தது.

நோம்பி முடிந்த அடுத்த முகூர்த்தத்தில் மோகனாவுக்குக் கலியாணம். பெருந்துறையில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளை வடகரைக்காரர். அந்த வட்டாரத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால், சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கூப்பிட, புருஷன் இருக்கிற ஐந்து பெண்கள் வந்து மணப்பெண் தலையில் பூ வைப்பார்கள். முதல் பூ அம்மா வைப்பது. அம்மா வெள்ளைச் சீலைக்காரி என்றால் பெரியம்மாவோ சித்தியோ வைப்பார்கள். வெள்ளைச் சீலைக்காரி தாலி கட்டுகிற நேரத்தில் பந்தலுக்கு வரக் கூடாது, சமையல் கொட்டகையில் இருந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மயிலாத்தாள் அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்ட கை அவளுடையது. அந்த ஒரு நாள் மட்டும் அந்தக் கை எதற்காகக் கத்திரிக்காய் நறுக்க வேண்டும் என்று விளக்கின் முன்னால் உட்கார்ந்து ஆத்தாளிடம் கேட்டாள். வாய்விட்டுக் கேட்கவில்லை.

மோகனா வாய்விட்டே கேட்டாள். "நீ வெக்காட்டி எனக்குப் பூவே வேண்டாம்மா. மொட்டத் தலையோட உக்காந்துக்கறேன்."

"பேசற பேச்சப் பாரு. பெரியம்மா வெப்பாங்க சாமி."

"பெரியம்மாவா எனக்குப் பேன் பாத்தாங்க?"

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சென்னியம்மாளுக்கு வேறு கவலை. மாப்பிள்ளை வீட்டார் ஆரத்திக்கு வந்து இறங்கும்போது எதிரே வரிசையாக வெள்ளைச் சீலைகள் நின்றால் என்ன நினைப்பார்கள்? அசலூர்க்காரர்களுக்கு ஊர்க் கதை தெரியுமா? "ஒரு பொண்ணு கலியாணத்துக்கு ஊரே தாலியறுத்துக்கிட்டு நிக்கறாப்பல இருக்குமே" என்று அடித்துக்கொண்டாள். கடைசியில், நிறமே போகாத சீலை ஏதாவது கடையில் கிடைக்கிறதா பார்க்கிறேன் என்று, கட்டியிருந்த வெள்ளையோடு டவுனுக்குப் பஸ் ஏறினாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் பையில்லை. தன் வீட்டுக்குப் போகாமல் நேராக மயிலாத்தாள் வீட்டுக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, "மயிலா, கொஞ்சம் தண்ணி குடு" என்றாள். சொம்புத் தண்ணீர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தாள். தாலிக்கொடி சீலைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி வெளியே தெரிய விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சீலை கெடச்சுதுங்களாக்கா?"

"பஸ்ஸ விட்டு எறங்கி நடக்கறேன். ஒருத்தன் வண்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல கெளம்பறான். என்னப் பாத்தான். பாத்துட்டு வண்டிய நிறுத்தி, உள்ள போயிட்டான். அவன் பொண்டாட்டி வெளிய வந்து, நான் தெருவத் தாண்டற வரைக்கும் நின்னு பாத்துட்டு, போயிருச்சுங்க வாங்கன்னு கூப்படறா." சென்னியம்மாள் சொம்பின் விளிம்பைத் தேய்த்தாள். "போயிருச்சுங்கறா மயிலா. நாயச் சொல்றாப்பல."

மயிலாத்தாள் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"கடைக்குள்ள போறேன். முதல் போணிங்க, கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, வேற யாராச்சும் வாங்கட்டும்னான். தாலிய எடுத்து வெளிய போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒரு சேரப் போட்டு உக்காருங்கங்கறான். எனக்கு உக்காரப் பிடிக்கல. வந்துட்டேன்."

"உடுங்கக்கா. தெரியாத சனம்."

"தெரியாத சனமா? நான் பண்ணலியா? எங்க ஊட்டுக்காரரு சந்தைக்குக் கெளம்பறப்ப நீ எதிர்ல வந்தா, இருங்கன்னு கையப் புடிச்சு நிறுத்தி வெக்கலியா நானு?" சென்னியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "இத்தன வருசமும் இப்படித்தான் போயிட்டு வந்தியா நீ? பள்ளிக்கூடத்துக்கு, ஆசுபத்திரிக்கு, எல்லாத்துக்கும்?"

"சந்து வழியாப் போயிக்குவேனுங்கக்கா. சுத்துதான். ஆனா எதிர்ல யாரும் வரமாட்டாங்க."

சென்னியம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வெளியே கரைப் பக்கமிருந்து வண்டுகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த வாரத்தில் டவுனுக்குப் போய் வந்த வேலந்துறைப் பெண்கள் ஒவ்வொருத்தியும் இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள் என்பதும், ஒருத்தியும் அதைப் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

கலியாணத்தன்று ஊர்ப் பெண்கள் வெள்ளைச் சீலையிலேயே ஆரத்தித் தட்டோடு பாலத்தின் தென்முனையில் நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்தார்கள், பாலத்துக்கு அந்தப் பக்கமே மேளம் தொடங்க வேண்டும் என்று இறங்கி நடந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கருணாம்பாள், மயில்கழுத்து நிறத்தில் அகலக்கரை போட்ட பட்டு உடுத்தி முன்னால் வந்தார். அவரும் எதிரே வெள்ளைக் கூட்டத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார், கால் பின்வாங்கியது. ஆனால் அதற்குள் பாதிப் பாலம் தாண்டியாகிவிட்டது. ஆற்றிலிருந்து நீலப் பூச்சிகள் எழுந்து வந்தன, வந்து கருணாம்பாளைச் சூழ்ந்துகொண்டன, அவருக்குப் பின்னால் வந்த நாத்தனார்களைச் சூழ்ந்துகொண்டன, சீர்த்தட்டு ஏந்தி வந்த பெண்களைச் சூழ்ந்துகொண்டன. மேளக்காரர் அடித்த அடியை விடவில்லை. பாலத்தை விட்டு இறங்கும்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வெள்ளையில் இருந்தார்கள், ஆற்றங்கரையில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புதுப் பாத்தி பூத்து நின்றது.

கருணாம்பாள் தன் முந்தானையை இழுத்து, முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு எதிரே இருந்தவர்களைப் பார்த்தார்.

"உங்களுக்கும் இப்படித்தானா ஆச்சு?"

"நாங்க நோம்பியிலிருந்தே இப்படித்தானுங்க" என்றாள் சென்னியம்மாள். "அதுக பசி அப்படிங்க. பட்டுன்னும் பாக்கறதில்ல, நூலுன்னும் பாக்கறதில்ல."

கருணாம்பாள் கரையைப் பார்த்தார். அவருடைய சரிகையை ஒரு கொசுத்தேனீ சுமக்க மாட்டாமல் சுமந்துகொண்டு போனது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ற மவன் மொதச் சம்பளத்துல எடுத்துக் குடுத்த சீலைங்க. சரி, நல்ல காரியத்துக்குத்தான் போச்சு" என்றார்.

பந்தலில் அருமைக்காரர் மணையில் பெண்ணை உட்கார வைத்துவிட்டு, பூத்தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "நான் இத்தன காலமும் சீலையப் பாத்துத்தான் ஆளக் கூப்பிட்டுப் பழக்கம். இப்ப எல்லாரும் ஒண்ணாத்தான் தெரியறீங்க. அம்மணிகளா, நீங்களே வந்து வைங்க" என்று தட்டைச் சென்னியம்மாளிடம் கொடுத்துவிட்டார். பெரியம்மா என்ற முறையில் முதல் பூ அவளுடையது.

சென்னியம்மாள் தட்டை வாங்கினாள். மணைக்குப் போகாமல் பந்தலுக்குப் பின்னால் போனாள். சமையல் கொட்டகையில் மயிலாத்தாள் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மேளம் மாறுவதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரி."

"எதுக்குங்கக்கா?"

"கையக் கழுவு. கத்திரிக்காக் கறையோடவா புள்ளைக்குப் பூ வெப்பே?"

"அக்கா, வேண்டாங்க. நாளைக்கு ஒண்ணுன்னா என்னத்தான் சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க? சொல்றவள வரச் சொல்லு. அவளும் வெள்ளச் சீலதான் கட்டியிருப்பா."

மயிலாத்தாள் கையைக் கழுவிவிட்டு மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தாள். சென்னியம்மாள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் பந்தலுக்குள் வந்தபோது பேச்சு நின்றது. மேளமும் ஒரு நொடி தடுமாறியது. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் திரும்பி ஓடியிருப்பாள். ஆனால் அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணும் அந்த வாரத்தில் ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு வாசலில், யாரோ ஒருவர் முகம் திருப்பியதைப் பார்த்துவிட்டு வந்தவள். அவர்கள் ஒதுங்கினார்கள், சகுனத்துக்கு ஒதுங்குவதுபோல இல்லை, வழி விடுவதற்காக. மாப்பிள்ளை பக்கத்திலிருந்து கருணாம்பாள்தான், "சம்பந்தி இத்தன நேரம் எங்கீங்க போயிட்டீங்க? பொண்ணு கழுத்துத் திருகிப் போற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டிருக்குது" என்றார்.

மயிலாத்தாள் மல்லிகைச் சரத்தை எடுத்து மகள் தலையில் வைத்தாள். அவள் கை அந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கும், அன்றைக்குக் கொண்டை ஊசி மூன்று தடவை வழுக்கியது. மோகனா திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு கருவண்டு வந்து மல்லிகையில் உட்கார்ந்தது.

"அம்மா, என்னமோ ஓடுது. கொட்டுமா?"

"கொட்டாது சாமி. அசையாம இரு. அது சாப்பிட்டுட்டிருக்குது."

பந்தலே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறுவதை மயிலாத்தாள் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தாள். நெஞ்சுக்குள் எத்தனையோ காலமாக இறுக்கிக் கட்டியிருந்த ஏதோ ஒன்றை யாரோ அவிழ்த்துவிட்டதுபோல, நன்றாக ஒரு மூச்சு வந்தது. ஆத்தா, ஆத்தா என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

வைகாசி நடுவில் மழை வந்தது. ராத்திரி முழுக்கப் பெய்தது, அடுத்த சில நாளில் கரையில் தும்பை எட்டிப் பார்த்தது, நெருஞ்சி படர்ந்தது, கொழிஞ்சி பூத்தது. பூச்சிகள் தங்கள் பழைய பந்திக்குப் போய்ச் சேர்ந்தன. சீலைப் பூக்களுக்கு வேலை முடிந்தது. ஒருநாள் விடியலில் அவை வந்த வழியே ஊருக்குத் திரும்பிவிட்டன. ஆனால் எந்தப் பூ எந்த வீடு என்பது அவற்றுக்கு மறந்துபோயிருந்தது. அகப்பட்ட கொடியில் அகப்பட்ட சீலையில் ஏறிக்கொண்டன. பட்டு மாங்காய் நூல்சீலையில் உட்கார்ந்திருந்தது, கிழவி சீலையில் குமரி சீலையின் பூ, கருணாம்பாளின் மயில்கழுத்து யார் யார் சீலையிலோ துண்டு துண்டாக.

மயிலாத்தாள் தன் கொடியைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள். அவளுடைய சீலைகளில் ஒன்று முழுக்க நீல ரோஜாவாக இருந்தது. அடுத்தவர் பொருள் தன் வீட்டில் வந்துவிட்டதே என்று, அதை மடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எங்களுது இல்லீங்க என்றார்கள் ஒரு வீட்டில். எங்களுது இதைவிடக் கறுப்புக் கூடுதல் என்றார்கள் இன்னொரு வீட்டில். கடைசியாகச் சென்னியம்மாள் வீட்டுக்கு வந்தாள். சென்னியம்மாள் சீலையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் ஒரு வாய் அளவுக்கு ஓட்டை இருந்தது, பூக்களோடு அதுவும் கூடவே வந்துவிட்டிருந்தது.

"என்றதுதான்" என்றாள்.

"அப்ப வெச்சுக்குங்கக்கா."

"அந்த நீலம் எனக்கு எப்பவும் புடிக்காது மயிலா. எங்க ஊட்டுக்காரரு எடுத்துட்டு வந்தது, சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாருன்னு கட்டிட்டிருந்தேன். நீயே கட்டு. ஓட்டையக் கொசுவத்துக்குள்ள மடிச்சுட்டாத் தெரியாது."

மயிலாத்தாள் நின்றாள். சென்னியம்மாள் அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அவள் நீலத்தில் வெளியே வந்து, சந்துப் பக்கம் திரும்பாமல், நடுத்தெருவில் நடந்து வீட்டுக்குப் போனாள். சென்னியம்மாளின் புருஷன் அப்போதுதான் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், எதிரே வந்தவளைப் பார்த்து, "வெயிலுக்கு முன்ன போயிட்டு வந்தர்றேன் அம்முணி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தப் பக்கமாகச் சித்திரையில் வண்டியில் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆற்றை ஒட்டின ரோட்டில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். பூச்சிகள் ரோட்டைத் தாழப் பறந்துதான் தாண்டும்.